தம்பிக்கு எழுதிய மாத்திரை

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே மாவு மில், மேலே குடித்தனம். இடம் பார்த்தபோது என் வீட்டுக்காரர், மில்லுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார். மில்லுக்கு நல்ல இடம்தான். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குப் பல் பிடுங்கினாலும், அவர்கள் வந்து உட்காருகிற இடமும் அதுவே ஆகிவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சீட்டை என் கையில் கொடுத்து, "இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு" என்பார்கள். பன்னிரண்டாவது முடித்தவள், கண்ணாடி போட்டவள். அது போதும் அவர்களுக்கு.

எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே மனையில் நடுவில் ஒரு சுவரை வைத்து இரண்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் கரும்பும் நெல்லும் வைக்கிறார். தம்பி கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, டிராக்டர் வைத்து மற்றவர்களுக்கு உழவு ஓட்டுகிறான். இருவரும் நல்லவர்கள். ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தபடி விழுங்கத் தெரியாது என்பதைத் தவிர இருவர் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அண்ணனுக்கு முதன்முதலில் கால் பெருவிரல் வீங்கியபோது தேள் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். விரல் சிவந்து, போர்வை பட்டாலே துள்ளுகிற மாதிரி வலி. பிறகு அது போய், கொஞ்ச நாளில் மறுபடி வந்தது. யாரோ மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மறுநாள் வரப்பில் நடக்கலாம். அவ்வளவுதான், வருஷக்கணக்காக அதுவே வைத்தியம். வலி வந்தால் போடுவார். வரும் போலிருந்தால் போடுவார். கரும்புக்குக் களை வெட்ட ஆள் வருகிற நாளில், வலி வந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே போட்டுக்கொள்வார். இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியவந்தது, ஒரு கல்யாணத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் சட்டையைத் துவைக்க எடுத்த அன்றைக்குத்தான். பையில் பாதி காலியான அட்டை இருந்தது.

"இன்னாண்ணா இது?"

"கால் மாத்திரை."

"டாக்டர் குடுத்ததா?"

"டாக்டருக்கு இன்னாத்துக்கு. மெடிக்கல்ல 'கால் மாத்திரை'ன்னா அவனே குடுப்பான்."

கையோடு அழைத்துப்போய் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். வயதில் சின்னவர். அண்ணன் அவரைப் பார்த்ததும் என் காதில், "இந்தப் பொண்ணா டாக்டரு?" என்றார். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்ததும் டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

யூரிக் ஆசிட் அதிகமாக இருக்கிறது, அதுதான் மூட்டில் உப்பு மாதிரிப் படிந்து வலிக்கிறது என்றார். அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கிரியாட்டினினும் ஏறியிருக்கிறது, கிட்னி செய்ய வேண்டிய வேலையில் பாதிகூடச் செய்யவில்லை என்றார். பிபி ஒரு காரணம். இத்தனை வருஷம் போட்ட வலி மாத்திரை இன்னொரு காரணம். கிட்னி சரியாக வடிகட்டாததால் யூரிக் ஆசிட் வெளியே போகாமல் தங்குகிறது, அது தங்குவதால் வலி வருகிறது, வலிக்குப் போடுகிற மாத்திரை கிட்னியை இன்னும் கெடுக்கிறது. இதை அவர் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். அண்ணன் வட்டத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிபிக்கு அண்ணன் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மாத்திரை. அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றும் என்று அதை மாற்றினார். யூரிக் ஆசிட்டைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். தினமும் அரை மாத்திரை, அதற்கு மேல் கூடாது. ரத்தம் பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்றிக்கொள்ளலாம் என்றார். வலி மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது என்றார்.

"வலி வந்துச்சுன்னா?" என்று அண்ணன் கேட்டார்.

"இங்க வாங்க. உங்க கிட்னிக்கு ஒத்துக்கிற மருந்து வேற இருக்கு. சில நாளைக்கு மட்டும் தருவேன். நீங்களா ஒண்ணும் வாங்கிப் போடாதீங்க. இன்னொண்ணு, இந்த அரை மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல ஒண்ணு ரெண்டு தடவ வலி வரும். அதப் பாத்து நிறுத்திடாதீங்க."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "கால் வலின்னு வந்தா கிட்னின்றா. கிட்னின்னு வந்திருந்தா காலுன்னு சொல்லியிருப்பா."

டாக்டரம்மா சொன்ன மாதிரியே வலி வந்தது. அண்ணனும் நான் பயந்த மாதிரியே மாத்திரையை நிறுத்தினார். "அந்த அரை மாத்திரைதான் வலியக் கொண்டாந்துச்சு" என்று போனில் சொன்னார். வரும் என்று டாக்டர் முன்னாடியே சொன்னாரே அண்ணா என்றால், "வரும்னு தெரிஞ்சே குடுத்தாளா?" என்று கேட்டார். மில்லில் மிளகாய் அரைக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். தூசியில் தும்மிக்கொண்டே அவருக்கு மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். கடைசியில், "சரி பாப்பா, நீ சொல்றதால போடறேன்" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அந்த நிலையிலேயே கொஞ்ச நாள் ஓடியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அப்போதுதான் தம்பிக்கும் பெருவிரல் வீங்கியது.

இது குடும்பத்தில் வருகிற நோய் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நான் அதிர்ச்சியடையவில்லை. அவனையும் அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு யூரிக் ஆசிட் அண்ணனைவிட அதிகம். ஆனால் கிட்னி சுத்தமாக இருந்தது. அதனால் வலி அடங்கும்வரைக்கும் சில நாளுக்கு வலி மாத்திரை எழுதினார்; இது உங்க அண்ணனுக்கு விஷம் என்றும் அவனிடம் சொன்னார். வலி அடங்கிய பிறகு யூரிக் ஆசிட்டுக்கு அதே மாத்திரையை, ஆனால் முழுசாக, தினமும் போடச் சொன்னார். தம்பி இரண்டு வேளை மாத்திரை போட்டதும் நடக்க ஆரம்பித்தான். மறுநாள் டிராக்டரில் ஏறிவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே போன் வந்தது.

"பாப்பா, ஒரு நாயம் சொல்லு. அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே வியாதி. ஒரே விரலு. அவனுக்கு முழு மாத்திரை, வலிக்குத் தனியா வேற மாத்திரை. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு அரை?"

"அவனுக்குக் கிட்னி நல்லா இருக்குதுண்ணா. உனக்கு இல்ல."

"நீ டாக்டர்கிட்ட என்னப் பத்தி சரியா சொல்லல."

"நான் இன்னா சொல்றது? ரத்தம் சொல்லுது."

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று மில்லையே உதாரணமாக எடுத்தேன். கல் தேய்ந்துபோன மில்லில் புது மில்லில் போடுகிற அளவு தானியத்தைக் கொட்டினால் என்ன ஆகும், அடைத்துக்கொள்ளும் இல்லையா, உன் கிட்னி தேய்ஞ்ச கல்லு, அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்கிறார்கள் என்றேன். எனக்கே அது நன்றாக இருந்தது.

"கல்லு தேஞ்சா கொத்தி வெச்சிக்கலாம் இல்ல?" என்றார் அண்ணன்.

போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் மாவு சலிக்கப் போய்விட்டேன்.

அந்த வருஷம் அண்ணனுடைய கரும்புக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு தாமதமாகத்தான் வந்தது. கரும்பு காய ஆரம்பித்திருந்தது. வெட்டுகிற ஆட்கள் வந்து இறங்கி, லாரியும் வந்து நின்ற அன்றைக்கு அண்ணனுக்குக் கணுக்காலில் வந்துவிட்டது. விரலில் வருவதைவிட மோசம் என்பார்கள். அவர் டாக்டரம்மாவிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வெட்டு முடிந்து கடைசி லாரியும் போகிறவரைக்கும் நிலத்தில் நின்றார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி நின்றார் என்பதை யாரும் சொல்லவில்லை.

வெட்டு முடிந்து கொஞ்ச நாளில் அண்ணி போன் செய்தார். "உங்க அண்ணன் மூஞ்செல்லாம் வீங்கிக்கினு இருக்குதும்மா. சோறு வேணாம்னுது. குடிக்கிற தண்ணியக்கூட வாந்தி எடுக்குது. ஒண்ணுக்கும் சரியா போவல."

உடனே காரை வைத்து அழைத்து வரச் சொன்னேன். தம்பிதான் அழைத்து வந்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சேர்த்துக்கொண்டார்கள். கிரியாட்டினின் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கலாம் என்றார்கள்.

அந்த மருத்துவமனை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை ஏதாச்சும் போட்டாரா?"

"இல்லீங்க," என்றார் அண்ணன்.

"நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

"ஒண்ணியும் இல்லீங்க. டாக்டரம்மா குடுத்த அரை மாத்திரைதான்."

டாக்டர் தம்பியைப் பார்த்தார். "நீங்க கூட இருக்கிறவருதானே. ஏதாச்சும் தெரியுமா?"

"இல்லீங்க சார். அண்ணன் எதுவும் போடல."

இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபோதே பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் கிணற்றில் குதித்துவிட்டு வந்து, தலை ஈரமாகச் சொட்டச் சொட்ட, குளிக்கவேயில்லை என்று அம்மாவிடம் சொல்கிற அதே முகங்கள். இப்போது ஒருவருக்கு மீசை நரைத்துவிட்டது, இன்னொருவனுக்கு முடி கொட்டிவிட்டது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. ஒரு மனிதர் கிட்னி நின்றுபோய்ப் படுத்திருக்கிறார், காரணம் தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும் என்று டாக்டர் கெஞ்சாத குறையாகக் கேட்கிறார், இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்களாம்.

தம்பியை மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டீ சொன்னேன். அவன் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா."

"இன்னாக்கா சொல்றது."

"உன் மாத்திரையக் குடுத்தியா?"

ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தான். அது போய் மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்தான்.

"நாந்தாங்க்கா குடுத்தேன். வலி மாத்திரை மிச்சம் இருந்துச்சு. அது தீந்ததும் மெடிக்கல்ல இன்னொரு அட்டை வாங்கியாந்தேன். அரை மாத்திரையும் வேணாம், என்னுது மாதிரி முழுசாப் போடுண்ணேன்னு சொன்னேன்."

எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. "உனக்கு அறிவு இருக்குதா? டாக்டரம்மா உன் முன்னாடிதானே சொன்னாங்க, அண்ணனுக்கு அந்த மாத்திரை விஷம்னு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"அண்ணன் அழுதுச்சுக்கா." அவன் குரல் தாழ்ந்தது. "வெட்டு ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கரும்புக்குள்ள போய் உக்காந்துக்கினு அழுதுச்சு. நான் தண்ணி குடுக்கப் போனேன். அப்பா செத்தப்பகூட அண்ணன் அழுது நான் பாக்கல. இன்னாக்கா பண்றது? என் பையில மாத்திரை இருக்குது. குடுக்காம நிக்கச் சொல்றியா?"

அதற்கு மேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. "டாக்டரம்மாவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்லடா. அண்ணனுக்குன்னு வேற மருந்து இருக்குதுன்னு சொன்னாங்களே. காருல ஏத்திக்கினு வந்திருந்தா ஒரு மணி நேரம்" என்றேன். அவன் தலையாட்டினான். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் மேலே வார்டுக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்களைத் திட்டவில்லை. பெருமூச்சு விட்டுக் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார். இந்த மாதிரி எத்தனை அக்கா தங்கச்சிகளைப் பார்த்திருப்பாரோ.

டயாலிசிஸ் இல்லாமலே தப்பித்தார். ஊசி மருந்தும் குளுக்கோஸுமாகச் சில நாள் போனபின் மெல்ல சிறுநீர் பிரிய ஆரம்பித்தது. நர்ஸ் அளவு எழுதும்போதெல்லாம் அண்ணி எட்டிப் பார்த்து, "ஜாஸ்தி ஆயிருக்குதா?" என்று கேட்பார். கிரியாட்டினின் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. முன்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த கிட்னி இப்போது இன்னும் ஒரு படி கீழே போய் நின்றுவிட்டது. இனி அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றார்கள்.

அண்ணனை எங்கள் வீட்டிலேயே கொஞ்ச நாள் வைத்துக்கொண்டேன். அப்போது பார்க்க வந்தவர்கள்தான் எனக்கு நோயை உண்டாக்கினார்கள். வாழைத்தண்டுச் சாறு காலையில் வெறும் வயிற்றில் கொடு என்றார் ஒரு சித்தப்பா. சின்னசேலத்தில் இருக்கும் ஒரு மாமன் மகள், துவரம் பருப்பே இந்த வம்சத்துக்கு ஆகாது என்றாள். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் கல்வராயன் மலைக்குப் போய்வந்து ஒரு பொட்டலத்தில் பழுப்புப் பொடி கொண்டுவந்தார். எதிலிருந்து செய்தது என்று கேட்டேன். "மலையில இருக்கிற வேருதான்" என்றார். என்ன வேர் என்றேன். "வேருதாம்மா" என்றார். நன்றி சொல்லி வாங்கி, அவர் படியிறங்கியதும் குப்பையில் போட்டேன். மலையின் மேலோ வேரின் மேலோ எனக்குக் கோபம் இல்லை. பெயரும் அளவும் தெரியாத ஒன்றைத் தேய்ந்துபோன கிட்னிக்குள் கொட்ட எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் தம்பி தன் பங்குக்கு ஒன்று செய்தான். யூரிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிட்டான். கேட்டால், "கிட்னியக் கெடுக்கிற மாத்திரை எனக்கும் வேணாம்க்கா" என்கிறான். அண்ணனுடைய கிட்னியைக் கெடுத்தது வலி மாத்திரை. யூரிக் ஆசிட் மாத்திரை அல்ல. அதை அளவு பார்த்துப் போட வேண்டும், மற்றபடி அவனுக்கு வேண்டிய மருந்தே அதுதான். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமோ அதைப் பையில் வைத்திருந்தான், எதைப் போட வேண்டுமோ அதை நிறுத்தினான். ஊரில் மெடிக்கல்காரரும், "கிட்னிக்காரங்க அத்தப் போடக் கூடாது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கிட்னிக்காரனே இல்லையே என்று நான் போனில் கத்தினேன். மில்லில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுக்கு மறுபடி வந்தது. இந்த முறை முழங்காலில். டிராக்டரில் ஏற முடியாமல் படுத்திருந்தவனிடம் நான் பேசிப் பயனில்லை. அப்போதுதான், ஊருக்குத் திரும்பியிருந்த அண்ணன் அவராகவே சுவரைச் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணி சொன்னதுதான் எனக்குத் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "டேய், நான் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்ப பாத்த இல்ல? அது நான் தப்பான மாத்திரை போட்டதால. நீ சரியான மாத்திரையப் போடாம அங்க வந்து படுக்கப் போறியா? எனக்குத் துணைக்கா?" என்றாராம். தம்பி அடுத்த வாரமே கள்ளக்குறிச்சிக்கு வந்தான்.

இப்போது இருவரும் ஒன்றாகவே வருகிறார்கள். டாக்டரம்மா அண்ணனுக்கு மாத்திரையை ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டு வருகிறார். அவசரமே இல்லை அவருக்கு. அண்ணன் இப்போது அவரை "டாக்டரம்மா" என்று மரியாதையாகத்தான் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்ததும் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "சரியா எழுதியிருக்குதா பாரு" என்கிறார். மூன்று பேரும் மேலே வந்து இட்லி சாப்பிடுவோம். அண்ணனுக்கு உப்பு குறைத்த சாம்பார் தனியாக வைப்பேன். அவர் அதை ஒதுக்கிவிட்டுத் தம்பி தட்டில் இருப்பதைத் தொட்டுக்கொள்வார். நான் பார்ப்பேன், அவரும் நான் பார்ப்பதைப் பார்ப்பார், அப்புறம் இரண்டு வாய் தன்னுடையதைச் சாப்பிடுவார். கிரியாட்டினின் கடைசி மூன்று முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. வலி வந்து ரொம்ப நாளாகிறது. தம்பிக்கும் வரவில்லை.

போன வாரம் மில்லுக்குக் கம்பு அரைக்க நைனார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவ்வப்போது வருகிறவர். மாவு விழுந்துகொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் கால் விரல் வீங்கிக்கினு இருக்குதும்மா. உங்க அண்ணனுக்கு சரியாயிடுச்சாமே. இன்னா மாத்திரைன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடேன்."

"அது அவருக்கு எழுதினதும்மா. உங்க வூட்டுக்காரரக் கூட்டிக்கினு வந்து ரத்தம் பாருங்க. கிட்னி எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுதான் மாத்திரை எழுதுவாங்க."

"கிட்னி எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கால்தான் வலி."

"அத்தப் பாக்காம எப்படிம்மா சொல்றது?"

"ஒரு மாத்திரை பேரு சொல்றதுக்கு இவ்ளோ பேச்சா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மாவின் கிளினிக் தெருக்கோடியில்தான் இருக்கிறது என்று கைகாட்டினேன். மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் பேருந்து நிலையம் பக்கமாக நடந்தார். வழியில் இருந்த மெடிக்கலில் நின்று எதையோ கேட்பதை மில் வாசலில் இருந்து பார்த்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு அவர் பின்னால் ஓடினேன்.